ஊற்றில்லாத நீர்வழி

நுழையும்முன்

ஊர்களை விரைந்து கடக்கச் சாலைகள் உதவும்; ஊர்களின் வாழ்வை அறிய நீர்வழிகள் உதவும். சென்னைக்குத் தெற்கே கடலுக்கு இணையாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் கரையில் ஒருநாள் நடப்போர், நெய்தல் நிலத்தின் அழகைக் காண்பர். பசித்தோர் மண் சுமந்த வரலாற்றையும், கயிறு தோளில் அழுத்தப் படகிழுத்தோரின் உழைப்பையும் உணர்வர். மனிதர் ஆக்கிய நீர்வழியை மனிதரே காக்க வேண்டியதன் காரணத்தை அந்நடையின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

இரு சாலைகளுக்கு நடுவே

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி இரண்டு பெருஞ்சாலைகள் மாமல்லபுரத்துக்குச் செல்கின்றன. ஒன்று, கடலை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மற்றொன்று, சற்று மேற்கே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலை. இவ்விரண்டுக்கும் நடுவே, இரண்டினும் முந்தைய மூன்றாவது வழி ஒன்று உள்ளது. அது நீராலான வழி. பேருந்தில் செல்வோர் பாலத்தைக் கடக்கும் நொடிப்பொழுதில் மட்டும் கண்ணில் பட்டு மறையும் அவ்வழியே பக்கிங்காம் கால்வாய்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலை இக்கால்வாயைக் கடந்து செல்கிறது. அங்கிருந்து கரைவழியே தெற்கு நோக்கி நடந்தால் மாமல்லபுரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். விடியலில் புறப்படுவோர் இடையிடையே தங்கி, பொழுது சாயும்முன் கடற்கரையை அடையலாம். கரை எங்கும் ஒரே சீராக இராது. சில இடங்களில் வண்டிப்பாதைபோல் அகன்றிருக்கும். சில இடங்களில் சீமைக்கருவேலம் அடர்ந்து வழியை மறைக்கும். மழைக்காலத்தில் சேறு காலைப் பற்றும். எனவே, பருவமறிந்து, நீரோட்டமும் நிலமும் அறிந்த உள்ளூர் மக்களிடம் வழிகேட்டு நடத்தலே நன்று.

கடல் தரும் நீர்

ஆற்றங்கரையில் நடப்பவருக்கு நீரின் திசை ஐயமின்றித் தெரியும். அது மேட்டில் பிறந்து பள்ளம் நோக்கிச் செல்லும். இக்கால்வாயின் கரையில் நிற்பவருக்கோ முதலில் வியப்பே மிஞ்சும். காலையில் தெற்கு நோக்கி நகர்ந்த நீர் பிற்பகலில் வடக்கு நோக்கி நகரக்கூடும். சில வேளைகளில் எத்திசையிலும் நகராமல் கண்ணாடிபோல் கிடக்கும்.

இதற்குக் காரணம் எளியது. இக்கால்வாய்க்கு ஊற்றுக்கண் இல்லை. மலையில் பிறப்பு இல்லை. நீரை விரைந்து செலுத்தும் நிலச்சரிவும் இல்லை. கடலே இதன் நீருக்கு முதன்மையான தாய். நாளொன்றுக்கு இருமுறை கடலில் ஓதம் ஏறும், இருமுறை வற்றும். ஏறும்போது கடல்நீர் கழிமுகங்களின் வழியே உள்ளே புகுந்து கால்வாயில் பரவும். வற்றும்போது அந்நீர் வந்தவழியே திரும்பும். கோவளத்தை ஒட்டிய முட்டுக்காட்டுக் கழிமுகம் இத்தகைய வாயில்களுள் ஒன்று. தெற்கே பாலாற்றின் முகத்துவாரம் மற்றொன்று.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவ்வொழுங்கு மாறும். அப்போது மேற்கே உள்ள ஏரிகளும் வயல்களும் நிரம்பி, மிகுநீர் கால்வாயில் இறங்கும். சென்னையின் தெற்கே அமைந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மிகுநீர், ஒக்கியம் மடுவு வழியாக இக்கால்வாயை அடைந்து, தெற்கே ஓடி, முட்டுக்காட்டில் கடலோடு கலக்கிறது. கோடையில் கடல்நீரை உள்ளே கொணர்வதும் மழையில் வெள்ளத்தை வெளியே கொண்டு செல்வதும் ஒரே வழிதான். அவ்வழி திறந்திருக்கும்வரை கால்வாய் வாழும். அடைபட்டால் தேங்கி நாறும்.

கழிமுகத்தை அடைக்கும் ஆற்றல் இயற்கைக்கும் உண்டு. கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல், மழையற்ற மாதங்களில் முகத்துவாரத்தில் திட்டாகக் குவியும். ஆறாயின் அடுத்த வெள்ளத்தில் அத்திட்டைத் தானே உடைத்துச் செல்லும். விசையற்ற கால்வாய்க்கு அவ்வாற்றல் குறைவு. தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ள இயலாத நீர்வழி இது. இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டால், இதன் வரலாறு முழுவதும் விளங்கும்.

உப்பு விளையும் நிலம்

கேளம்பாக்கமும் கோவளமும் நெடுங்காலமாக உப்புக்குப் பெயர்பெற்றவை. கழிநீரைப் பாத்திகளில் தேக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிமாற்றி வெயிலில் காயவிடுவர். நீர் குறையக் குறைய உப்பின் செறிவு மிகும். இறுதிப் பாத்தியில் வெண்மணிகள் படியும். அவற்றைப் பலகையால் கூட்டிக் கரையில் குவிப்பர். மழை தொடங்கியதும் தொழில் ஓயும். வெயிலே இங்கு வேளாண்மை. மழையே இதன் பகை.

உப்போடு தமிழ்நிலத்துக்கு உள்ள உறவு மிகப் பழையது. உப்பு வாணிகரைச் சங்க இலக்கியம் உமணர் என்று அழைக்கிறது. அவர்கள் நெய்தல் நிலத்தின் உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றினர். இக்கால்வாய் செல்லும் கடற்கரையைச் சார்ந்த இடைக்கழிநாட்டில் பிறந்தவர் நல்லூர் நத்தத்தனார். அவர் இயற்றிய சிறுபாணாற்றுப்படை, உமணர் வண்டித் தொடரோடு வந்த மந்தி அவர்தம் பிள்ளைகளோடு விளையாடும் காட்சியைக் காட்டுகிறது. ஒரு வண்டியின் பயணத்தில் ஒரு குடும்பமே உடன் சென்றதை அக்காட்சி உணர்த்துகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், மாடுகள் இழுத்த அச்சுமை படகுகளுக்கு மாறியது. இக்கால்வாய் சுமந்த முதன்மைப் பொருள்களுள் உப்பும் ஒன்றாயிற்று.

பாத்திகளும் ஆழமற்ற கழிநீரும் பறவைகளுக்கு விருந்து படைக்கின்றன. குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான்கள் சேற்றைக் கிளறி இரை தேடுகின்றன. நீள்கால் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டி உண்கின்றன. கரையோரத்தில் உமரிச்செடி செம்மையும் பசுமையுமாய்ப் படர்ந்திருக்கிறது. உவர்நிலத்தில் எதுவும் வாழாது என்று எண்ணுவோருக்கு இந்நிலம் மறுமொழி தருகிறது.

> தெரியுமா?
> ஆந்திர மாநிலத்தின் பெத்தகஞ்சாம் முதல் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை பக்கிங்காம் கால்வாயின் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். வடக்கே கிருஷ்ணை, கோதாவரி ஆறுகளின் பாசனக் கால்வாய்களோடு இது இணைந்திருந்தது. அதனால் காக்கிநாடாவிலிருந்து சென்னைக்குக் கடலில் இறங்காமலே படகில் வர இயன்றது. வழியில் பழவேற்காடு ஏரியையும் இந்நீர்வழி கடக்கிறது.

கைகள் வெட்டிய வழி

உப்பளங்களைக் கடந்து தெற்கே செல்லச் செல்லக் கால்வாய் நேராகிறது. ஆறு இவ்வாறு நேராக ஓடாது. மனிதர் அளந்து வெட்டிய வழியே இவ்வாறு செல்லும். இருபுறமும் உயர்ந்து நிற்கும் கரைகள் எங்கிருந்தோ கொண்டுவந்த மண்ணால் எழுந்தவை அல்ல. அடியில் தோண்டப்பட்ட மண்ணே மேலே கரையாயிற்று. இங்கு நடப்போர் மிதிப்பது, முன்னோர் கூடையில் சுமந்து கொட்டிய மண்.

இவ்வழி ஒரே காலத்தில் உருவாகவில்லை. கிழக்கிந்தியக் கும்பினியில் பணியாற்றிய பேசில் காக்ரேன் என்பவரின் முயற்சியால், 1806ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதற்பகுதி உருவாயிற்று. காக்ரேன் கால்வாய் என்றே அது அழைக்கப்பட்டது. 1837இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் சிறிது சிறிதாக நீட்டித்தனர். எனினும் சென்னை நகரின் நடுவே ஓர் இடைவெளி எஞ்சியிருந்தது. வடக்கிலிருந்து வந்த வழி கூவத்தை எட்டியது; தெற்கிலிருந்து வந்த வழி அடையாற்றை எட்டியது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நிலம் வெட்டப்படாமல் கிடந்தது.

அவ்விடைவெளியை நிரப்பியது பஞ்சம். 1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. தாது ஆண்டில் தொடங்கியதால் தாதுவருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிலைத்த அக்கொடுங்காலம் 1878 வரை நீடித்தது. தென்னிந்தியாவில் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். ஊர்களை விட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தோருக்கு வேலையும் கூலியும் தரும் நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877–78இல் வெட்டப்பட்டது.

நிவாரணம் என்னும் சொல் இனிமையானது. அதன் அளவு கடுமையானது. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாண நிவாரணப் பணிகளில் நாள்முழுதும் உழைத்த ஆடவருக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவுமே கூலியாக வரையறுக்கப்பட்டன. மண்வெட்டும் உடலுக்கு அவ்வளவு உணவு போதாது என்று மாகாணத்தின் நலவாழ்வு ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் வாதிட்டார். எதிர்ப்பு வலுத்தபின் அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது.

பணி முடிந்தபின், அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தோரின் பெயர் எந்தக் கல்லிலும் இடம்பெறவில்லை. அவர்கள் எழுதிச் சென்றது இவ்வழி ஒன்றே. இதனைச் சாக்கடை என்று எளிதாகச் சொல்லும் நா, ஒரு கணம் தயங்க வேண்டிய காரணம் இது.

கயிறு இழுத்த தோள்கள்

திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குச் செல்லும் சாலையை நெருங்கும்போது இருபுறமும் பனைகள் வரிசையிட்டு நிற்கின்றன. கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் ஓயாது இரைகின்றன. சென்னையின் அடுப்புகளுக்கு வேண்டிய விறகு பலகாலம் இத்தகைய தோப்புகளிலிருந்தே சென்றது. விறகும் உப்பும் நெல்லும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் படகேறின. மயிலாப்பூரில் உள்ள தண்ணீர்த்துறைச் சந்தை தன் பெயரிலேயே அக்காலத்தைக் காத்து வைத்திருக்கிறது. படகுகள் வந்து சரக்கிறக்கிய துறையே பின்னர்ச் சந்தையின் பெயராயிற்று.

இப்படகுகளுக்கு எந்திரம் இல்லை. காற்று வாய்ப்பாக வீசினால் பாய் விரிப்பர். நீர் ஆழமற்ற இடத்தில் நீண்ட கழையை அடிமண்ணில் ஊன்றித் தள்ளுவர். இரண்டும் உதவாதபோது ஒருவர் கரையில் இறங்கி, படகில் கட்டிய கயிற்றைத் தோளில் ஏற்றி, முன்குனிந்து நடந்தே இழுப்பார். கரையின் மேற்பரப்பு பாதையாக அமைந்ததற்கு அவர் காலடிகளும் காரணம். ஆறுகளைக் கடக்கும் இடங்களில் நீரடைப்புக் கதவுகள் இருந்தன. ஓதம் வற்றும்போது கால்வாய் நீர் வடிந்துவிடாமலும், ஆற்றுவெள்ளம் மணலோடு உட்புகாமலும் அவை காத்தன. கதவு திறக்கும் நேரத்துக்காகப் படகுகள் காத்துக் கிடந்தன.

1934ஆம் ஆண்டில் பாவேந்தர் பாரதிதாசன் தம் நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இக்கால்வாயில் படகில் சென்றார். அப்பயணத்தை 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையாக்கினார். செலவு என்னும் சொல்லுக்குப் பயணம் என்பது பழம்பொருள். இன்பப் பயணமாகத் தொடங்கும் அக்கவிதை, படகை இழுப்பவரையும் தள்ளுபவரையும் கண்டதும் அவர்கள் படும் பாட்டை நினைந்து இரங்குகிறது. நீரழகில் திளைத்த கண்ணே உழைப்பின் வலியையும் கண்டது. கால்வாயைக் காணவேண்டிய முறை இதுவே என்று அக்கவிதை கற்பிப்பதாகக் கொள்ளலாம்.

ஓட்டம் நின்ற கதை

இருப்புப்பாதையும் தார்ச்சாலையும் பெருகியபின் படகுகளின் தேவை குறைந்தது. இருப்பினும் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை கால்வாய் பயன்பாட்டில் இருந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் வீசிய புயல்கள் கரைகளைச் சிதைத்தன. மணலும் வண்டலும் வழியைத் தூர்த்தன. பின்னர்ப் படகுப் போக்குவரத்து மெல்ல ஓய்ந்தது.

படகு நின்றபோது மற்றோர் இழப்பும் நேர்ந்தது. படகு செல்ல ஆழம் வேண்டும். ஆழம் வேண்டுமாயின் தூர் எடுக்க வேண்டும். தூர் எடுக்கக் கரை வேண்டும். கரை இருந்தால் ஆக்கிரமிப்பு நுழையாது. இவ்வாறு பயன்பாடே பாதுகாப்பாக இருந்தது. பயன் நின்றதும் பார்ப்பவர் இல்லை; பார்ப்பவர் இல்லாத நீர்வழி நகரத்தின் கழிவுகளை ஏற்கும் குழியாயிற்று. சென்னையில் பறக்கும் இரயில் தடத்தின் தூண்கள் பல இடங்களில் கால்வாய்ப் படுகையிலேயே ஊன்றப்பட்டன. அகலம் சுருங்கியது, ஆழம் குறைந்தது, நீர் கறுத்தது. பெருமழைக் காலத்தில் வெள்ளம் விரைந்து வடிய வேண்டிய வழி, நகரத்துக்குள் ஒடுங்கி நிற்கிறது.

தூய்மை செய்துகொள்ளும் விசை இல்லாத நீர்வழியை அதன் போக்கில் விட்டுவிடுவதாக எண்ணுவது, உண்மையில் அதனைக் கைவிடுவதாகும். காட்டை அதன் போக்கில் விட்டால் அது வளரக்கூடும். ஆற்றை அதன் போக்கில் விட்டால் அது மீளக்கூடும். வெட்டியவர் பேணாத கால்வாயோ தூர்ந்து போகும்.

நெம்மேலிக்கு அருகே நடப்போர் இன்று காணும் நீர், நகரத்து நீரைப்போல் கறுத்ததன்று. இங்கே வலை வீசுவோர் உண்டு. நண்டு தேடுவோர் உண்டு. கரையில் ஆடு மேய்ப்போர் உண்டு. எனினும் மேற்கிலும் கிழக்கிலும் கட்டடங்கள் எழுந்துகொண்டே வருகின்றன. ஒருபுறம் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் குடியிருப்புகளும். மறுபுறம் விடுதிகளும் மனைப்பிரிவுகளும். சென்னைக்குள் கால்வாய் அடைந்த நிலை முடிந்துபோன தீர்ப்பு. இப்பகுதிக்கு உரிய தீர்ப்பு இனிமேல்தான் எழுதப்படும். இந்நடையின் முதன்மைச் செய்தி இதுவே.

> தெரிந்து தெளிவோம்
> ஓதம் – கடல்நீர் ஏறுதலும் இறங்குதலும்.
> கழி – கடல்நீர் நிலத்துள் புகுந்து தங்கும் நீர்ப்பரப்பு. உப்பங்கழி என்றும் வழங்கும்.
> முகத்துவாரம் – ஆறோ கழியோ கடலோடு கலக்கும் வாயில்.
> கழை – படகைத் தள்ள உதவும் நீண்ட கோல்.
> தூர் – நீர்நிலையின் அடியில் படியும் மண்ணும் குப்பையும்.

அலை வந்த நாள்

நெம்மேலியைக் கடந்து தெற்கே செல்லும்போது கிழக்கே, கடலை ஒட்டிச் சாளுவன்குப்பம் உள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கடற்கரையையும் தாக்கியது. அலை மணலை அரித்துச் சென்றபின் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டுகள் தொல்லியலாளரின் கவனத்தை ஈர்த்தன. தொடர்ந்து நிகழ்ந்த அகழாய்வில் முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. பல்லவர்காலக் கட்டுமானத்துக்குக் கீழே, சங்ககாலத்தைச் சேர்ந்ததெனக் கருதப்படும் செங்கல் கட்டுமானமும் காணப்பட்டது. கடல் மறைத்ததைக் கடலே காட்டியது.

அதே நாளில் கால்வாயும் தன் பயனைக் காட்டியது. ஆந்திரக் கடற்கரையிலும் சென்னையை ஒட்டிய பகுதிகளிலும் நிலத்துள் பாய்ந்த கடல்நீரின் ஒரு பகுதி இக்கால்வாயில் இறங்கியது. அதன் வழியே பரவிக் கழிமுகங்களின் வாயிலாகக் கடலுக்கே மீண்டது. கால்வாய்க்கு மேற்கே இருந்த ஊர்களுள் பலவற்றுக்கு அது அகழியாய் நின்று உதவியது. கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே இருந்த மீனவர் குப்பங்களுக்கு அக்காப்பு கிட்டவில்லை. அவை பேரலையை நேரே தாங்கின. ஒரு நீர்வழியின் பயனைச் சொல்லும்போது, அப்பயன் எட்டாத மக்களையும் மறவாமை வேண்டும். அவர்களுக்குக் காப்பாவன மணற்குன்றுகளும் கடலோரத் தாவரங்களும். அவற்றைக் காப்பதும் கால்வாயைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

2008ஆம் ஆண்டில் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான இக்கால்வாய்த் தொடர், கோதாவரி, கிருஷ்ணை ஆறுகளின் பகுதிகளோடு சேர்த்துத் தேசிய நீர்வழி 4 என அறிவிக்கப்பட்டது. படகுகள் மீண்டும் செல்லுமாயின் ஆழமும் கரையும் மீளும் என்பது அவ்வறிவிப்பு தரும் நம்பிக்கை. அறிவிப்பு தாளில் இருக்கும்வரை நீரில் மாற்றம் நிகழாது. கழிவுநீர் கலவாமையும் கழிமுகம் திறந்திருத்தலும் கரை அளந்து காக்கப்படுதலும் நிகழ்ந்தால்தான் நீர்வழி என்னும் பெயர் பொருளுடையதாகும்.

கடற்கரையில்

மாமல்லபுரத்தின் மேற்கு எல்லையை ஒட்டிக் கால்வாய் செல்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால் கடல். வழியில் பாறைகளைக் குடைந்த மண்டபங்களும் குன்றின்மேல் கலங்கரை விளக்கமும் எதிர்ப்படும். கரையில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய கடற்கோயில் உப்புக்காற்றைத் தாங்கி நிற்கிறது.

கல்லில் ஆக்கிய கோயிலையும் மண்ணில் வெட்டிய கால்வாயையும் ஒருநாள் நடையில் அடுத்தடுத்துக் காண்போர் உள்ளத்தில் ஒரு வினா எழும். இரண்டும் மனிதர் கையால் ஆயவை. ஒன்றை உலகமே வந்து காண்கிறது. அதனைச் சுற்றி வேலி உண்டு, காவல் உண்டு, உப்புக்காற்று அரிக்காதிருக்கப் பேணுதலும் உண்டு. மற்றொன்று, வெள்ளத்தை வடித்தும் உப்பைச் சுமந்தும் பேரலையைத் தணித்தும் பயன்தந்தது. அதற்குப் பெயர்ப்பலகைகூட அரிது. கலைச்செல்வத்தைக் காக்கும் சமூகம் உழைப்பின் செல்வத்தையும் காக்கக் கற்றல் வேண்டும்.

கால்வாய் மாமல்லபுரத்தோடு நிற்பதில்லை. சதுரங்கப்பட்டினத்தைத் தொட்டு, பாலாற்றைக் கடந்து, நத்தத்தனாரின் இடைக்கழிநாட்டின் வழியே மரக்காணத்தின் உப்பளங்களை அடைந்தே முடிகிறது. நெடுந்தொலைவு செல்லும் அந்நீர் ஒவ்வொரு நாளும் கடலிடம் இரந்து பெற்ற நீர். கடல் கொடுக்கத் தவறுவதில்லை. வாயிலைத் திறந்து வைத்திருக்கும் பொறுப்பு மட்டுமே கரையில் வாழ்வோருக்கு உரியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள கால்வாய், வாய்க்கால் அல்லது ஓடை ஒன்றின் கரையில் ஆசிரியருடன் நடந்து சென்று, அதன் நீர் எங்கிருந்து வருகிறது, எங்குச் சேர்கிறது என்பதை வரைபடமாக வரைக.
2. நீர்நிலைகளின் பெயரால் அமைந்த தெரு, சந்தை, ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, அப்பெயர்க் காரணங்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
3. 'பயன்பாடே பாதுகாப்பு' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்ட காலம்
அ) 1806 ஆ) 1837 இ) 1877–78 ஈ) 1965–66

2. 'மாவலிபுரச் செலவு' என்பதில் 'செலவு' என்னும் சொல்லின் பொருள்
அ) பணம் ஆ) பயணம் இ) உழைப்பு ஈ) இழப்பு

*குறுவினா*

1. கால்வாயின் நீர் ஒரே திசையில் ஓடாமைக்குக் காரணம் யாது?
2. உமணர் என்போர் யாவர்?

*சிறுவினா*

1. நீரடைப்புக் கதவுகளின் பயன்களை எழுதுக.
2. படகுப் போக்குவரத்து நின்றதால் கால்வாய்க்கு நேர்ந்த இழப்புகளைத் தொகுத்துரைக்க.

*நெடுவினா*

1. 'வெட்டியவர் பேணாத கால்வாய் தூர்ந்து போகும்' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.
2. பக்கிங்காம் கால்வாயின் வரலாற்றில் உழைக்கும் மக்களின் பங்கினைக் கட்டுரையாக வரைக.